கொற்றி எடுத்த கத்தி

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! மலைகளுக்கு மனிதர் இன்னும் பெயர் வைக்காத காலம் அது. அப்போது வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அதை மாறவேள் என்ற மன்னன் ஆண்டான்.

ஒரு வருடம் அந்த நாட்டின் ஆறு திடீரென்று நின்றுபோனது. மலைமேல் மழை கொட்டியது. கீழே மணல் பறந்தது. கிணறு வற்றியது, பயிர் கருகியது, கன்றுகள் மாண்டன.

"மலையேறி ஆற்றைக் கொண்டுவருவார் உண்டா?" என்று மன்னன் கேட்டான்.

மலைச்சரிவில் இருந்த காட்டுக்குள் போய்த் திரும்பியவர் கிடையாது. ஆனாலும் மூவர் முன்வந்தார்கள்: தளபதி வில்லவன், வணிகன் சாத்துவன், மலையடிவாரத்தில் தேனெடுக்கும் கொற்றி.

மன்னன் ஆயுதசாலையைத் திறந்துவிட்டான். வில்லவன் மாணிக்கப் பிடி போட்ட நீண்ட வாளை எடுத்தான். சாத்துவன் பன்னிரண்டு கத்தி, கூடாரம், செம்புப் பாத்திரம் என்று இரண்டு கழுதைச் சுமை கட்டினான்.

கொற்றி ஒவ்வொரு கத்தியாகத் தூக்கிப் பார்த்தாள். நகத்தால் சுண்டி ஓசை கேட்டாள். இரும்பு பிடியின் அடிவரை ஓடுகிறதா என்று பார்த்தாள். கடைசியில் சாண் நீளக் கறுப்புக் கத்தி ஒன்றை எடுத்தாள். கூடவே சிக்கிமுக்கிக் கல், சுரைக்குடுக்கை, ஒரு சுருள் கயிறு.

"இவ்வளவுதானா?" என்றான் மன்னன்.

"இதற்குமேல் என் முதுகு தாங்காது, மன்னா."

முதல் நாள் முட்புதரில் வாள் சிக்கிச் சிக்கி வில்லவன் களைத்தான். இரண்டாம் நாள் காட்டாறு பெருகி, கழுதைகள் மிரண்டோட, சுமையை அடித்துப்போனது. மூன்றாம் நாள் குளிர்மழை. மூவருக்கும் பல் கிட்டியது.

வில்லவன் விறகு பிளக்க வாளை ஓங்கினான். வாள் பிடியருகே முறிந்தது.

கொற்றி ஈரக்கட்டையின்மேல் கத்தியை வைத்து, அதன் முதுகில் கல்லால் தட்டினாள். கட்டை பிளந்தது. உள்ளே காய்ந்திருந்த நடுமரத்தைச் சீவிப் பூப்போல் சுருளாக்கி, சிக்கிமுக்கிக் கல்லை உரசினாள். பொறி விழுந்தது, நெருப்புப் பிறந்தது. ஆண்கள் இருவரும் கைகூப்பினார்கள்.

விடிந்ததும் உச்சிக்குப் போனார்கள். அங்கே மாபெரும் மரம் ஒன்று பாறைகளோடு சரிந்து ஆற்றின் வாயை அடைத்திருந்தது. அதன் பின்னால் வானத்தையே ஏந்திக்கொண்டு, அசையாமல், கடலளவு தண்ணீர் நின்றது. மரத்தைக் கைப்பருமன் வேர்கள் மூன்று பிடித்திருந்தன.

கொற்றி இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். "அண்ணன்மாரே, விட்டுவிடாதீர்கள்!"

"உயிர் போனாலும் விடமாட்டோம் தங்காய்!" என்றான் வில்லவன்.

அவள் தொங்கியபடி ஒரு வேரை அறுத்தாள். இரண்டாவதை அறுத்தாள். மூன்றாவது தெறித்ததும் மலை உறுமியது. மரம் புரண்டது, பாறை உருண்டது, தண்ணீர் எழுந்து வெள்ளைச் சுவராய் நின்று பாய்ந்தது. இருவரும் உள்ளங்கை கிழியக் கயிற்றை இழுத்து அவளை மேலேற்றினார்கள். மூவரும் நனைந்த பாறையில் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அன்று மாலை வேங்கைநாட்டில் மன்னன் முதல் மாடு மேய்ப்பவர் வரை முழங்கால் நீரில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அன்பரே, கருவியைத் தேரும்போது அதன் மினுக்கைப் பாராமல் உழைப்பைப் பார்த்து எடுப்பவரே தாமும் பிழைப்பார், பிறரையும் பிழைக்கவைப்பார்.