முன், செயல், பின்

"நான் இல்லாம அவளால இருக்க முடியல, மேடம்."

இதைச் சொன்னபோது அருளானந்தம் சாருக்கு வயது ஐம்பத்தொன்று. கேட்டுக்கொண்டு நின்ற ஷகிலா பானுவுக்கு இருபத்தெட்டு. அவர் சிஷ்யர், அவள் குரு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அது அப்படித்தான் இருந்தது.

குரு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். தலையில் இன்னும் ஹெல்மெட்.

"எத்தனை நாளா சார்?"

"மூணு வாரமா. ஸ்டூல் வாசப்படியத் தாண்டினா போதும், டெஸ்குக்கு அடியில போயிடறா. நேத்து அவ கையையே கடிச்சுக்கிட்டா."

ஷகிலா வகுப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. உறையூரில் நான் அப்போது மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கரும்பலகைக்கு முன்னால் நின்று இதையெல்லாம் பார்த்தவள். பார்த்தும் ஒன்றும் புரியாதவள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதில் ஒருத்தி மகிழினி. எங்கள் பள்ளியில் மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான். அதை இரும்புக் கம்பியால் அடித்ததும் அவள் அலறுவாள், டெஸ்குக்கு அடியில் புகுவாள், இழுக்கப் போனால் கடிப்பாள். இரண்டு பள்ளிகள் அனுப்பிவிட்டன. நாங்கள் மூன்றாவது.

அவளுக்குத் துணையாக வந்தவர்தான் அருளானந்தம் சார். பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, அலறுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று கவனித்து, அலறாமல் இருக்க வழி பழக்குவது அவர் வேலை. காகிதத்தில் 'நடத்தைப் பயிற்சியாளர்' என்று இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்டூல் சார். அந்த ஸ்டூல் என்னுடையது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு அந்த வருடம் முழுக்க நான் கால் கடுக்க நின்றேன்.

அதற்கு முன் இருபத்துநான்கு வருடம் அவர் மருந்துக் கம்பெனி ரெப். கம்பெனியை மூடினார்கள். அதற்கு அடுத்த வருடம் மனைவி ஸ்டெல்லா போய்ச் சேர்ந்தார். மகன் மஸ்கட்டில். சும்மா இருக்க முடியாமல் ஒரு வருடப் படிப்பு படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தார்.

வேலை சொல்லிக் கொடுத்தவள் ஷகிலா. ஐந்து பள்ளிகளைப் பார்த்துக்கொண்டாள். எங்களுக்குப் புதன்கிழமை.

அவள் கொடுத்தவை இரண்டு. ஒன்று, மூன்று கட்டம் போட்ட தாள். முன், செயல், பின். பிள்ளை ஒன்றைச் செய்வதற்கு முன் நடந்தது முதல் கட்டத்தில், செய்தது இரண்டாவதில், அதற்குப் பின் நடந்தது மூன்றாவதில். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது.

இன்னொன்று, வாரத்துக்கு ஒரு கல்.

எங்கள் வகுப்புத் தரை கடப்பைக் கல். மகிழினியின் டெஸ்கிலிருந்து வாசல் வரை ஒன்பது கல். காலாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து வாரம் ஒரு கல் வீதம் ஸ்டூல் பின்னால் போனது. மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ண அவளுக்குப் பழக்கியிருந்தார். எண்ணினாள். அலறல் நின்றது. அவளுடைய அம்மா ஒரு நாள் வந்து வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பொங்கல் முடிந்து ஸ்டூல் வாசலைத் தாண்டியது. எல்லாம் பழையபடி ஆனது.

தலைமையாசிரியர் முன்பே சொல்லியிருந்தார். ஜூன் மாதம் நாலாம் வகுப்பு, மாடியில். அங்கே அவளோடு ஒரு பெரிய ஆளை உட்கார வைக்க முடியாது. ஏப்ரலுக்குள் மகிழினி தனியாக உட்கார்ந்தால் மாடிக்குப் போகலாம், இல்லாவிட்டால் டி.சி. நாலாவது பள்ளி எது என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அதனால்தான் அந்தப் புகார். 'நான் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.'

ஷகிலா ஸ்டூலை மறுபடி வாசலுக்கு உள்ளே போடச் சொன்னாள். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக, முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். கணக்குப் பாடம், நாற்பது நிமிடம். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் தாளை அவரிடம் நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

தாளின் தலையில், பிள்ளையின் பெயர் எழுதும் இடத்தில், 'அருளானந்தம், வயது 51' என்று இருந்தது.

முன்: மகிழினி ஜன்னலில் அணிலைப் பார்த்தாள்.
செயல்: இருமினார்.
பின்: மகிழினி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முன்: மகிழினி பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்டாள்.
செயல்: இருமினார்.
பின்: ரப்பரை வாங்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முன்: மகிழினி தானாகக் கணக்குப் போட்டாள்.
செயல்: இருமினார்.
பின்: பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நாற்பது நிமிடத்தில் பதினோரு இருமல். வராந்தாவுக்குப் போனால் அவரும் தெரியமாட்டார், அந்த இருமலும் கேட்காது. அதையே நம்பிப் பழகியவள் அலறாமல் என்ன செய்வாள்?

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மாதமாக அந்த இருமலைக் கேட்டவள் நான். தொண்டை சரியில்லை பாவம் என்று வீட்டிலிருந்து பனங்கற்கண்டு பொட்டலம் கட்டிவந்து கொடுத்தவளும் நான்தான்.

அருளானந்தம் சார் தாளை இரண்டு தடவை படித்தார்.

"டாக்டர் ரூம் வாசல்ல நிப்போம் மேடம். கதவத் தட்டக் கூடாது. லேசா இருமணும். அப்பத்தான் உள்ள இருக்கறவர் திரும்பிப் பாப்பார். இருபத்துநாலு வருஷப் பழக்கம்."



அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

"வீட்ல என்னைத் திரும்பிப் பாக்க ஆள் இல்ல மேடம்."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழித்த பலகையையே மறுபடி அழித்தேன்.

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். என் வயதுக்காரியாக இருந்தால் சொல்லியிருப்பாள். ஷகிலா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஸ்டூல வராந்தாவுல போடுங்க சார். கிளாஸுக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

"அவ அலறினா?"

"கிளாஸ்ல டீச்சர் இருக்காங்களே."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னாள்.

மறுநாள் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே வெறும் மைதானம். முதல் மணிக்கே மகிழினி டெஸ்குக்கு அடியில் போய் அலறினாள். ஸ்டூல் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. எழுந்திருக்கவில்லை. இருமவும் இல்லை.

நான் சாக்பீஸை வைத்துவிட்டு, புடவையைச் சுருட்டிக்கொண்டு டெஸ்குக்கு அடியில் போனேன். பதினெட்டு வருட சர்வீஸில் முதல் தடவை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டேன். என் காது இரண்டையும் பொத்திக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரும்போது அவளும் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கணத்தில்தான் உறைத்தது. ஜூன் மாதத்திலிருந்து அவளை நான் அருளானந்தம் சாரின் பிள்ளை என்று விட்டிருந்தேன். வருகைப் பதிவேட்டில் தினமும் அவள் பெயரைக் கூப்பிட்டது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

பிப்ரவரியில் பல நாள் டெஸ்குக்கு அடியில்தான் இருந்தோம். மார்ச்சில் அவள் மட்டும் மேலே இருந்து எண்ணினாள். நான் கரும்பலகையில் நின்றேன். அதற்குப் பிறகு எண்ணும்போது அவள் உதடு அசைவதுகூட நின்றுபோனது.

ஸ்டூல் மட்டும் அங்கேயே இருந்தது. தினமும் அவர் வந்தார், மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்கத் துடித்தார் என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அந்த மனுஷனை நினைக்கும்போதெல்லாம் அந்த முதுகுதான் எனக்கு ஞாபகம் வருகிறது, வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக.

ஏப்ரல் கடைசி வேலை நாள் ஒரு புதன்கிழமை. ஷகிலா வராந்தாப் படியில் தாளோடு உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியர் கடைசிப் பாடவேளை முழுக்க என் வகுப்பில் நின்றார்.

தண்டவாளத் துண்டு ஒலித்தது.

மகிழினி காதைப் பொத்தினாள். கையை எடுத்தாள். பையில் நோட்டுகளை அடுக்கினாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், மாடிப்பக்கம் கையைக் காட்டினார், போய்விட்டார்.

பிள்ளைகள் திபுதிபுவென்று வெளியே ஓடினார்கள். மகிழினியும் ஓடினாள். அவளுடைய தண்ணீர் பாட்டிலை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தாள். அவளைத் துரத்திக்கொண்டு மகிழினி ஸ்டூலை உரசியபடி போனாள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

அருளானந்தம் சாரின் கை தொண்டைக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு இறங்கி மடிக்கு வந்தது.

ஷகிலா எழுதினாள். தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

முன்: பிள்ளை அவரைக் கடந்து போனாள்.
செயல்: இருமவில்லை.
பின்:

"மூணாவது கட்டம் காலியா இருக்கே மேடம்."

அவள் பேனாவை நீட்டினாள். "நீங்க எழுதுங்க. பாத்தத மட்டும்."

"கண்ணு மறைக்குது, எதைப் பாக்க?"

"அப்ப காதுல விழறத எழுதுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளிவாசல் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதில் மகிழினியின் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எழுதினார்.

பின்: பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.