நிலா அந்துப்பூச்சிகள் வந்த வாசல்

"எல்லாம் ஆணாவே வருதே, ஏன் தம்பி?" என்று கேட்டாள் மரியபுஷ்பம்.

கேட்டது பரீத்திடம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். முப்பத்திரண்டு வயது. வால்பாறைப் பக்கம் பறக்கிற அந்துப்பூச்சிகளில் அவனுக்குப் பெயர் தெரியாதது குறைவு.

அவளுக்கு அறுபது. தேயிலை பறித்து ஓய்ந்தவள். வயது எப்படியோ, பூச்சி விஷயத்தில் அவன்தான் குரு.

போன வருஷம் ஒருநாள் வாசல் பெருக்கும்போது செத்துக் கிடந்த பூச்சி ஒன்றைக் குப்பையில் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் வைத்து இவனிடம் எடுத்து வந்தாள். வெளிர்பச்சைச் சிறகு. பின்னால் நீண்ட வால்.

"நிலா அந்துப்பூச்சி" என்று மட்டும் சொல்லி, லென்ஸை அவள் கையில் கொடுத்தான் பரீத்.

அதன்பிறகு வாசலில் கிடக்கிற ஒவ்வொன்றும் அவனிடம் வந்தது. தலையில் இருக்கிற கொம்பு அடர்ந்த இறகுபோல இருந்தால் ஆண். கொம்பு மெலிந்து, வயிறு பருத்திருந்தால் பெண். அவளே பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

இன்று பதினான்காவது. இதுவும் ஆண்.

பரீத் லென்ஸை நகர்த்தி வைத்தான்.

"வாய் எங்க இருக்குன்னு பாருங்கம்மா."

வெகுநேரம் தேடினாள்.

"காணோமே."

"சாப்பிடுற வாய் கிடையாது. கூட்டை விட்டு வந்ததிலிருந்து பட்டினிதான். ஒரு வாரம் இருக்கும்."

"அந்த ஒரு வாரமும் என்ன செய்யும்?"

"பெண்பூச்சி ஏதாவது கிளையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதோட வாசனை காத்துல வரும். அதை வச்சு ஆண்பூச்சி தேடிக்கிட்டுப் போகும். ரொம்ப தூரம் போகும்."

"அப்போ என் வீட்டுக்கு எதுக்கு வருது?"

பரீத் மருந்து அலமாரியைப் பூட்டினான்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. அதற்கப்புறம் காடு. மதிய வெயிலிலும் வாசலில் பெரிய வெள்ளை பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ஆறு வருஷமாக அது அணைந்ததில்லை. அப்பா கைநீட்டி அடித்த அன்று ராத்திரி மகன் சேவியர் ஒரே ஒரு பையோடு இறங்கிப் போனான். பத்தொன்பது வயது. அன்றைக்கு அவள் போட்ட விளக்கு. பல்பு போனால் அன்றைக்கே வேறு மாட்டுவாள். அப்பா செத்த சேதி அனுப்பியும் அவன் வரவில்லை.

பல்புக்குக் கீழே சுவரில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. இரண்டு வாலும் இல்லை. சிறகு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

மரியபுஷ்பம் கிட்டே போய் அதன் கொம்பைப் பார்த்தாள்.

"தேடிக் கிளம்பினதுதான்" என்றான் பரீத். "இந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் போற திசை மறந்துடும். இதையே சுத்திச் சுத்தி இங்கேயே தீர்ந்துபோகும்."

"அங்க அவ?"

"காத்துக்கிட்டு இருப்பா."

காட்டுப் பக்கம் திரும்பி நின்றாள் மரியபுஷ்பம். பரீத் சுவிட்சைப் பார்த்தான். தொடவில்லை.

"இதை அணைச்சுட்டா எப்படி தம்பி? கடைசி பஸ்ஸுல எங்க சேவியர் வந்தான்னா? இருட்டுல வழி தெரியாம நிப்பானே."

பரீத் சுவரில் இருந்த பூச்சியைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அவனுக்கு இந்த வீடு தெரியும்மா. இதுகளுக்குத்தான் தெரியாது."

அவள் படியில் உட்கார்ந்தாள்.

ஆறுதலாகத்தான் அது முதலில் காதில் விழுந்தது. அவனுக்கு வீடு தெரியும். பிறகு மெல்ல மெல்ல மற்றது விளங்கியது. இந்த ஆறு வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பரீத் போய்விட்டான். பொழுது சாய்கிறபோது அவள் எழுந்து சுவிட்சை அணைத்தாள்.

மறுநாள் காலை துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள்.

சுவரில் அந்தப் பூச்சி இல்லை. பெருக்குவதற்கும் அங்கே ஒன்றும் இல்லை.

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.