பிறர் வீட்டுப் பாத்திரங்கள்

பாஸ்டர் ஏசாயாவிடம் வேதம் படிக்க வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் மாசிலாமணி. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் கல்லாத்துப்பட்டியில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மனைவி இறந்த பிறகு, மலைக் கிராமங்களுக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அதற்காகப் புதன்கிழமைதோறும் பாஸ்டர் வீட்டுக்கு வந்து, அவர் எதிரில் மாணவனைப் போல் உட்கார்ந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மரவள்ளிக் காடுகளை மணல் மூடியது. வாழைகள் சாய்ந்தன. எடுத்து வைத்திருந்த வெங்காயம் அழுகியது. வெள்ளம் வடிந்ததும் காய்ச்சல் வந்தது. ஊரில் காய்ச்சல் தொடாத வீடு இல்லை.

கார்த்திகை வந்தால் பாப்டிஸ்ட் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து பிரசங்க மேடைக்கு முன்னால் இருக்கும் மேஜையில் குவிப்பார்கள். அந்தக் குவியலில் பெரியது எப்போதும் மாசிலாமணியுடையது. முழு வாழைத்தார், ஒரு மூட்டை நிலக்கடலை, கரும்புக் கட்டு. தன்னுடையது பெரியதாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பண்டிகை நெருங்கிய ஒரு புதன்கிழமை அவர் வேதத்தைத் திறக்காமலே கேட்டார்.

"பாஸ்டர், இந்த வருஷம் பண்டிகையை நிறுத்திடலாமா?"

"ஏன் சார்?"

"கொண்டுவர யாருகிட்ட என்ன இருக்கு? மணலை அள்ளிக் கொண்டாந்து கொட்டிட்டு ஸ்தோத்திரம் சொல்றதா?"

பாஸ்டர் எழுந்து சமையலறைக்குள் போனார். ஒரு டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். மூடியின் மேல் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ரூபாவதி.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இதுல ரசஞ்சோறு வந்துச்சு. இன்னும் திருப்பிக் கொடுக்கலை. உங்க வீட்டுல அடுத்தவங்க பாத்திரம் ஏதாவது இருக்கா சார்?"

மாசிலாமணி மூடியில் இருந்த பெயரை விரலால் தடவினார்.

"ஒரு தூக்கு இருக்கு" என்றார்.

யாருடையது என்று பாஸ்டர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அது லேயாளின் தூக்கு.

லேயாள் ஊரில் மாவு மில் நடத்தினாள். கணவன் இல்லை. ஒரே மகள். அந்த மகள் சபைக்கு வெளியே ஒரு பஸ் டிரைவரை விரும்பினாள். போன வருஷம் கல்யாணம் கோயிலில் நடந்தது. பெற்றவள் இல்லாமல் பெண் மணவறையில் நிற்கக் கூடாது என்று லேயாள் போனாள். அட்சதையும் போட்டாள்.

அடுத்த சபைக் கூட்டத்தில் மாசிலாமணி எழுந்தார். "கோயில்ல நின்னு அட்சதை போட்டவங்க திருவிருந்துல பங்கு வாங்கக் கூடாது" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று பாஸ்டர் சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்தச் சபையில் பாஸ்டர் முடிவு செய்வதில்லை. அங்கத்தினர்கள் கை தூக்கித்தான் எதுவும் முடிவாகும். தலைமை ஆசிரியரின் கை உயர்ந்ததும் மற்றக் கைகளும் உயர்ந்தன.

லேயாள் வேறு சபை தேடிப் போகவில்லை. ஞாயிறுதோறும் வந்தாள். உள்ளே வராமல், வாசலுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கைமாறும்போது தலையைக் குனிந்துகொள்வாள். வெளியே உட்காரச் சொல்லி யாரும் அவளிடம் சொன்னதில்லை. உள்ளே வரச் சொல்லியும் யாரும் கூப்பிடவில்லை.

காய்ச்சலில் மாசிலாமணி விழுந்தபோது அவர் மகன் பெங்களூரில் இருந்தான். பாலம் உடைந்து பஸ் நின்றுபோயிருந்தது. யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவரைத் தோளோடு தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். வாயில் வெதுவெதுப்பாகக் கஞ்சி இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தார். லேயாள்.

"உப்பு போதுங்களா சார்?" என்று கேட்டாள்.

எழுந்து நடக்கும் வரை தினமும் வந்தாள். உப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடம்பு தேறியதும் தூக்கைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். போட அவரிடம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும், அதை நீட்டும்போது என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தூக்கு அங்கேயே கிடந்தது.

ஞாயிறு ஆராதனை முடிவில் பாஸ்டர் அறிவித்தார்.

"அடுத்த வாரம் ஸ்தோத்திரப் பண்டிகை. காய் வேண்டாம், கனி வேண்டாம். உங்க வீட்டுல இருக்கிற அடுத்தவங்க பாத்திரத்தைக் கொண்டு வாங்க. அது போதும்."

சபை சிரித்தது.

"எங்க மாமியாவூட்டு அண்டா கல்யாணத்துல இருந்து எங்ககிட்டத்தான் இருக்குதுங்க பாஸ்டர்" என்றார் பின்வரிசையில் இருந்து ஒருவர்.

"அதையும் கொண்டு வாங்க."

அவருடைய மனைவி அவரை முறைத்தாள். மறுபடியும் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை.

பண்டிகையன்று காலையில் வாசலில் லாரி வந்து இறக்கியதுபோல் பாத்திரங்கள் சேர்ந்தன. குக்கர், குண்டான், சில்வர் சட்டி, மூடி பொருந்தாத டப்பா. முதலில் பாஸ்டர் டிபன் கேரியரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது ரூபாவதி அம்மாவோடது. ரசஞ்சோறு வந்துச்சு. ஸ்தோத்திரம்."

ரூபாவதி எழுந்து போய், வெட்கத்தோடு தன் கேரியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். கொண்டுவந்தவர் வைப்பார். உடையவர் வந்து எடுப்பார். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் ஒருவர் குண்டானை ஒருவர் ஏந்திக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்து வந்தார்கள். காய்ச்சல் முதலில் யாருக்கு வந்தது என்று அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் சட்டியை வைக்கத் தயங்கினார்.

"இது மளிகைக் கடை காதர் பாய் வீட்டுச் சட்டிங்க. அவங்க நம்ம சபை இல்லையே. வைக்கலாமா?"

"அதுல வந்த சோறு உங்க வயித்துக்குப் போச்சா?"

"போச்சுங்க."

"அப்போ வைங்க. சாயந்தரம் நாம ரெண்டு பேரும் போய்க் கொடுத்துட்டு வருவோம்."

முன்வரிசையில் மாசிலாமணி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். மேஜை நிறைவதும் குறைவதுமாக இருந்தது. அவர் வீட்டுக்குக் கஞ்சி வந்ததும், கொண்டுவந்தது யார் என்பதும் தெருவுக்கே தெரியும். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவரைச் சுட்டது.

எழுந்தார். நடு வழியே நடந்து வெளியே போனார். வாசலில் உட்கார்ந்திருந்த லேயாளைத் தாண்டிப் போகும்போதும் குனிந்து பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்து தூக்கை எடுத்தார். அந்த வாரம் வெள்ள நிவாரணத்தில் வந்த அரிசி டப்பாவில் இருந்தது. இரண்டு ஆழாக்கு அள்ளித் தூக்கில் போட்டார். மூடினார். வாசற்படி வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து மூடியைத் திறந்து அரிசியை டப்பாவிலேயே கொட்டினார். தூக்கைத் துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டு நடந்தார்.

அவர் திரும்பி வந்தபோது கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராக மேஜைக்குப் போய்த் தூக்கை வைத்தார். பாட்டு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பள்ளிக்கூடத்தில் ஊரையே அடக்கிய குரல் அன்று அவருக்கு எழும்பவில்லை.

"இது லேயாளம்மாவோடது" என்றார். "கஞ்சி கொண்டாந்தாங்க. நான் எந்திரிக்க முடியாமக் கிடந்தப்போ தூக்கி உட்கார வெச்சு ஊட்டினாங்க."

சபைப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"அவங்களை வாசல்ல உட்கார வெச்சது நான்தான்."

பாஸ்டர் வாசல் பக்கம் பார்த்தார்.

"லேயாளம்மா, உடையவங்கதான் வந்து எடுத்துக்கணும்."

லேயாள் எழுந்தாள். நிலைப்படிக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் பாஸ்டரைப் பார்க்கவில்லை, மாசிலாமணியையும் பார்க்கவில்லை. அன்றைக்குக் கை தூக்கியவர்களைப் பார்த்தாள். சிலர் தலையைக் குனிந்தார்கள். வழியோரத்தில் உட்கார்ந்திருந்த ரூபாவதி, நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு தன் டிபன் கேரியரையும் ஒதுக்கி வைத்தாள்.

"வா லேயா" என்றாள்.

லேயாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மேஜையருகே வந்து தூக்கை எடுத்தாள். பழக்கத்தில் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"வெறுமையாத்தான் கொண்டாந்தேன்" என்றார் மாசிலாமணி. "எதைப் போட்டும் நிரப்ப முடியலைம்மா."

லேயாள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடியைத் தொலைக்காம வெச்சிருக்கீங்களே, அதுவே பெரிசுங்க சார். எங்கூட்டுத் தூக்கு எதுவும் மூடியோட திரும்பி வந்ததில்லைங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதைக் கேட்டுச் சபை முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லேயாளும் துடைத்துக்கொண்டாள். பிறகு தூக்கோடு திரும்பி, ரூபாவதியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பாஸ்டர் அடுத்த கீர்த்தனையைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு முன்னால் அன்பின் விருந்து. ஆளுக்கொரு கை நிவாரண அரிசி போட்டு, மாமியார் வீட்டு அண்டாவிலேயே காய்கறி சாதம் கிண்டியிருந்தார்கள். பந்திப் பாய் விரித்து இலை போட்டார்கள். ரூபாவதியும் இன்னும் சில பெண்களும் பரிமாறப் போனார்கள். லேயாள் பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

ஆட்கள் வந்து வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்து இலை மட்டும் காலியாகவே இருந்தது. யாருக்கும் அவள்மேல் பகை இல்லை. ஒரு வருஷப் பழக்கம் கால்களை வேறு பக்கம் கொண்டுபோனது.

மாசிலாமணி அண்டாவுக்கு அருகில் பாஸ்டரோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"பாஸ்டர், அடுத்த சபைக் கூட்டத்துல நான் பேசணும். அவங்களைத் திருவிருந்துல சேர்த்துக்கணும்னு நானே முன்மொழியணும்."

"நல்லது சார்."

"நான் சொல்லிக் கை தூக்கினவங்க. நான் சொன்னா மறுபடியும் தூக்குவாங்க. ஆனா அது மட்டும் போதாது. நன்றியைப் பத்தி நல்லா விளக்கமா, எல்லார் மனசுலயும் இறங்குற மாதிரி பேசணும்னு இருக்கு. எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம் பாஸ்டர்?"

பாஸ்டர் கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தார். பந்தியின் கடைசியைக் காட்டினார்.

"அந்தம்மா பக்கத்துல இடம் காலியா இருக்கு. போய் உட்காருங்க சார். சோறு ஆறிடும்."