தாழைத்தீவுக் கயிறு

கடலில் பாய்மரங்கள் மட்டுமே ஓடிய அந்த நாளில், சங்குத்துறை என்ற பட்டினத்தைப் பவளமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசு, ஆனால் நிமிஷத்துக்கு ஒரு புத்தி. துறைமுகம் எப்போதும் மிளகும் ஈர நாருமாக மணந்து கிடக்கும். இன்றைக்கு அந்த வாசனையை எங்கே தேடுவது!

எதிரே தெரிந்த தாழைத்தீவில் தென்னையைத் தவிர வேறொன்றும் விளையாது. ராஜா வருஷந்தோறும் இரக்கப்பட்டு அரிசிப் படகுகள் அனுப்புவான். தீவுத் தலைவி முத்துப்பேச்சி வந்து கும்பிட்டு வாங்கிப்போவாள்.

ஒரு வருஷம் அவள் அரிசிப் படகுப் பக்கமே போகவில்லை. நேரே சபைக்கு வந்தாள்.

"அரிசி போதும் ராசா. எங்க கயித்தை வாங்குங்க. நார் கொண்டாந்தா வரியில்லை. அதையே திரிச்சுக் கயிறாக் கொண்டாந்தா பாதியைச் சுங்கத்துல பிடுங்கிக்கிறாங்க. வேலையில்லாம எங்க பிள்ளைங்க ஒவ்வொண்ணா ஊரை விட்டே போகுதுங்க."

மந்திரி அறவாழி எழுந்தார். "தீவுக் கயிற்றுக்கு மட்டும் வரியை நீக்கலாம், அரசே."

அறவாழிக்கு நல்ல பெயர் கிடைத்தாலே சுங்க அதிகாரி வீரபாகுவுக்கு வயிறு எரியும். "கஜானா காலியாகிவிடும் பிரபு! பிச்சை வாங்குகிறவர்களுக்குச் சலுகை வேறா?" என்று குதித்தார்.

ராஜாவுக்கு வாக்குவாதம் அலுத்துவிட்டது. "மந்திரி, நாளைக்குள் இந்த வரி தப்பென்று வீரபாகுவின் வாயாலேயே சொல்ல வையும். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போய்விடும்!"

முத்துப்பேச்சி பதறிப்போனாள். மந்திரியோ, "நாளை எல்லோரும் என் வீட்டில் விருந்துக்கு வரவேண்டும்" என்றார்.

மறுநாள் உச்சிவேளையில் இலை போட்டார்கள். வேகாத அரிசி, துவரம்பருப்பு, முழுக் கத்தரிக்காய் எல்லாம் வந்து விழுந்தன. பசியில் வீரபாகுவின் முகம் சிவந்தது.

"சோறு எங்கே ஐயா?"

"சமையல்காரர் வேகாததைக் கொண்டுவந்தால் என் வாசலில் வரி கிடையாது. சமைத்துக் கொண்டுவந்தால் பாதியை நான் எடுத்துக்கொள்வேன். அதனால் அவர் சமைப்பதையே நிறுத்திவிட்டார்."

"இதென்ன அக்கிரமம்! பாடுபட்டுச் சமைத்தவனுக்கு அபராதமா? எந்த மடையன் போட்ட சட்டம் இது?"

ராஜா முதலில் விழித்தான். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தான். "உமது சுங்கச் சட்டம்தான் வீரபாகு! நாருக்கு வரியில்லை, கயிற்றுக்குப் பாதி!"

வீரபாகு தலை குனிந்தார். உள்ளே தயாராக இருந்த சாம்பார் சோறு அப்புறம்தான் வந்தது. ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். தீவுக்குப் போய் வரி நீக்கத்தைத் தன் வாயாலேயே அறிவிக்கும் வேலையை வீரபாகுவுக்கே கொடுத்தான்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. முதலில் வந்த கயிறு முரடாக இருந்தது. மாலுமிகள் முகம் சுளித்தார்கள். தீவுக்காரர்கள் விடவில்லை. போகப்போக அந்தக் கயிறு இல்லாமல் சங்குத்துறையில் கப்பலே ஓடவில்லை. ஊரை விட்டுப் போன பிள்ளைகள் திரும்பினார்கள். கயிறு விற்ற கையோடு தீவுக்காரர்கள் பட்டினத்துக் கடைத்தெருவில் துணியும் எண்ணெயும் வாங்கினார்கள். கஜானாவும் காலியாகவில்லை.

தலை நரைத்த பிறகு ஒருநாள் ராஜா மந்திரியோடு துறைமுகம் போனான். அரண்மனை அரிசி மண்டியில் முத்துப்பேச்சி கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த விலையா? அரிசியில பாதி கல்லு! சுத்தமா இருந்தா குடு, இல்லேன்னா அடுத்த கடைக்குப் போறேன்!"

ராஜாவுக்கு மனசு சுருக்கென்றது. "எத்தனை வருஷம் இதே அரிசியை அனுப்பினேன்! கல் இருப்பதாக ஒருநாளும் இவள் சொல்லவில்லையே, மந்திரி?"

"அப்போது சும்மா வாங்கினாள், அரசே. எப்படிச் சொல்வாள்?"

ராஜா மண்டிக்காரனைக் கூப்பிட்டு, அரிசியைப் புடைத்துக் கொடுக்கச் சொன்னான்.