படுதாவின் காவல்

ஒரு மழைக்காலத்தில், பல்லடம் பக்கத்தில் ஒரு கோழிக் கொட்டகைக்குக் காவலாக ஒரு தடித்த படுதா இருந்தது. கம்பி வலையை மறைத்து மேலிருந்து கீழ்வரை தொங்கும். 'நான் இல்லாவிட்டால் இந்தக் குஞ்சுகளின் கதி என்ன?' என்று அதற்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமைப்பட்டதில் தப்பில்லை. சாரலை அது உள்ளே விடவில்லை. வாடைக்காற்று வந்து தட்டியபோதும், "போய் வேறு வேலையைப் பார்" என்று விரட்டிவிட்டது.

ஆனால் தரையில் பரப்பிய உமி, எச்சத்தில் நனைந்து, காய வழியில்லாமல் சொதசொதவென்று கிடந்தது. அதிலிருந்து ஒரு வாயு கிளம்பியது. அம்மோனியா என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, நெடி மட்டும் உண்டு. படுதாவைப் புகழ்வதே அதற்கு முழுநேர வேலை.

"அண்ணா, உங்களைப் போல ஒரு காவல்காரரை நான் பார்த்ததே இல்லை. ஓர் இடுக்குகூட விட்டுவிடாதீர்கள்."

படுதா இன்னும் விறைத்துக்கொண்டது.

குஞ்சுகளுக்குக் கண் எரிந்தது. தீனியைத் தொடாமல் ஒடுங்கி நின்றன. கால் விந்தி நடக்கும் ஒரு குஞ்சு மட்டும் ஓரமாக வந்து, வலைக்கண் வழியே படுதாவைக் கொத்தத் தொடங்கியது.

"ஏய், என்ன செய்கிறாய்?"

"மூச்சுவிட இடம் செய்கிறேன்."

"வெளியே மழை! குளிரில் செத்துப்போவாய்."

"குளிர்ந்தால் ஒட்டிப் படுத்துக்கொள்வோம். மூச்சு முட்டினால் என்ன செய்வது?"

"நன்றி கெட்ட ஜன்மம்," என்றது அம்மோனியா. படுதாவுக்கும் அப்படித்தான் பட்டது. பாவம், அதற்கு மனசு வலித்தது.

குஞ்சு விடவில்லை. அலகு வலித்தால் சற்று நிற்கும், மறுபடி கொத்தும். கடைசியில் கிழிசல் விழுந்தது. குஞ்சுகள் எல்லாம் அங்கே வந்து குவிந்தன.

மறுநாள் காலை பண்ணைக்காரி மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். "ஏனுங்க, இங்க பாருங்க! படுதாவைக் கொத்திக் கிழிச்சு வெச்சிருக்குதுங்க."

தீவன மூட்டையோடு வாசலில் நின்ற அவள் கணவர் சென்னியப்பன், "கோணி ஊசி இருக்குதில்ல, தெச்சுப் போடு புள்ள. சாரல் அடிச்சா சளி புடிச்சுக்கும்" என்றார்.

அம்மோனியாவுக்கு ஒரே குஷி. விந்திய குஞ்சு கிழிசலை விட்டு நகரவில்லை.

இத்தனை நாளும் நின்றபடியே தீனி போட்டுவிட்டுப் போனவள், தைப்பதற்காகக் குஞ்சுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. தொண்டை கமறியது. முகத்தைத் திருப்பிய பக்கமெல்லாம் அதே நெடி. வேறு வழியில்லாமல் அவளும் கிழிசலில் மூக்கை வைத்துத்தான் மூச்சு வாங்கினாள்.

ஊசியை வீசிவிட்டு எழுந்தாள். "படுதாக் கயித்தை அவுத்து உடுங்க. புது உமி கொண்டாங்க."

"மழை வருமே புள்ள?"

"வந்தா வரட்டும். நீங்க இங்க வந்து குத்தவெச்சுப் பாருங்க, தெரியும்!"

கயிறு அவிழ்ந்தது. படுதா சரசரவென்று இறங்கியது. காற்று யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்தது. வெளியே இழுபட்டுப் போன அம்மோனியா, படுதாவைத் திரும்பிப் பார்த்துக் கதறியது:

"அண்ணா! இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றியவர் நீங்கள்தானே, இப்படிக் கைவிட்டுவிட்டீர்களே!"