நாக்பூர் வரை வீட்டுத் தண்ணீர்

சிற்றம்பலம் வேனை மடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நாங்கள் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினோம். சும்மா சொல்லக்கூடாது, வண்டி அப்படி இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, மின்விசிறி, முகம் கழுவ ஒரு தொட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் கூடவே நின்று அவர் செய்வித்த வண்டி. தென்காசியிலிருந்து காசி வரைக்கும் மனைவி வடிவோடு அதிலேயே போவதாகத் திட்டம். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

எங்கள் குரு அருளம்மை வண்டியைச் சுற்றி வந்தார். சிற்றம்பலத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சிற்றம்பலம் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார், நாங்களும் அப்படித்தான். அம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தார். மடிப்பு மேசையை விரித்தார், மறுபடி மடித்தார், ஆசை தீராமல் இன்னொரு தடவையும் விரித்தார்.

“எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க! இதுக்குள்ள ஏறிட்டா வெளிய இறங்கவே வேண்டாம் போலிருக்கே.”

சிற்றம்பலத்தின் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

“ஒரு சிக்கல்மா. நேத்து புளியரை மலைப்பாதையில இறக்கிப் பாத்தேன். பாதி வழியில பிரேக் தீஞ்ச வாடை. மிதிச்சா பிடிக்கவே மாட்டேங்கு. வடிவு கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. எப்படியோ ஓரமா ஒதுக்கி நிறுத்தினேன். பாரம் ஜாஸ்திங்காரு மெக்கானிக்.”

“எடை போட்டீங்களா?”

“எடை மேடையில ஏத்தியாச்சு. நாங்க ரெண்டு பேரும் உள்ள இருக்க, தொண்ணூறு கிலோ கூடுதல்.”

“இவ்வளவு பெரிய வண்டி அதைத் தாங்காதா?” என்று கேட்டது நான்தான்.

அவர் கோபப்படாமல் விளக்கினார். வண்டி இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு மொத்த எடை விதித்திருக்கிறார்கள். அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வரும் மிச்சம்தான் நாம் ஏற்றலாம். கட்டிலும் அலமாரியும் பொருத்தியதுமே அந்த மிச்சத்தில் முக்கால்வாசி போய்விட்டது. இருக்கும் கொஞ்சத்துக்குள் ஆளும் அடங்க வேண்டும், அரிசியும் அடங்க வேண்டும். மீறினால் டயர் வெடிக்கலாம், பிரேக் கைவிடலாம்.

“எதை இறக்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்மா.”

“நீங்க எதை நினைச்சு வச்சிருக்கீங்க?”

சிற்றம்பலம் தரையைப் பார்த்தார். “ஒரு கேஸ் சிலிண்டரை இறக்கிரலாம். அப்புறம் வடிவும் அவ பெட்டியுமா அறுபத்தஞ்சு கிலோ. கணக்கு சரியா வந்துரும்.”

எங்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடிவு சிரிக்கவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நானே சொன்னதுதாம்மா. நான் ரயில்ல போயிருதேன். இவுக ஒரு வருஷமா பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி.”

“உங்களுக்கு ஆசையில்லையா?”

“இல்லாமயா? முன்சீட்டுல உக்காந்து ஊர் ஊராப் பாத்துக்கிட்டே போணும்னு நெனச்சேன். முப்பத்தெட்டு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் தனியா எங்கயும் போனதில்ல.”

எனக்குச் சிற்றம்பலத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

“உங்க பெட்டியில என்ன இருக்கு?”

“நாலு சேலைதான். கல்யாணமாகி இவுக வீட்டுக்குக் கொண்டு வந்த அதே தகரப் பெட்டி. அன்னிக்குத்தான் இவுக முகத்தையே மொதல்ல பாத்தேன்.”

அம்மா வண்டிக்குள் ஏறினார். சிற்றம்பலமும் பின்னாலேயே ஏறினார்.

“ரெண்டு சிலிண்டர் எதுக்கு?”

“ஒண்ணு தீந்துட்டா யார்கிட்டப் போய்க் கேக்க?”

“இவ்வளவு அரிசி?”

“வடக்க நம்ம அரிசி கிடைக்காட்டா?”

“கட்டிலுக்கு அடியில இருக்கிறது?”

“தண்ணித் தொட்டிம்மா. நூத்தம்பது லிட்டர். எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. வழியில ஒருத்தர் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பெருசா வச்சேன்.” சொல்லும்போதே குரலில் பெருமை ஏறிவிட்டது.

“காசி வரைக்கும் வருமா?”

“சிக்கனமா இருந்தா நாக்பூர் வரைக்கும் வரும்.”

“அப்புறம்?”

அவர் குனிந்து தொட்டியின் மூடியை இறுக்கினார்.

அம்மா கீழே இறங்கினார். வண்டிக்கு அடியில் குனிந்து தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார்.

“ஐயோ, அம்மா!”

தண்ணீர் செம்பருத்திப் பாத்தியைப் பார்த்து ஓடியது. குழாயை மூடுவதற்காகச் சிற்றம்பலம் ஓடி வந்தார். அம்மா குழாயின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால் அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு தண்ணீரும் வடிய நேரம் பிடித்தது. வடிந்து முடிந்தபோது, அழுந்திக் கிடந்த வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

“இப்ப எடை மேடையில ஏத்துங்க. ரெண்டு சிலிண்டரும் இருக்கட்டும். இவங்களும் இருக்கட்டும். அப்பவும் அறுபது கிலோ மிச்சம் வரும்.”

“அதுல என்னத்தம்மா ஏத்த?”

“ஒண்ணும் ஏத்தாதீங்க. வழியில யாராவது எதையாவது கொடுத்தா வாங்கி வைக்க இடம் வேணுமில்லையா?”

அம்மா மடத்துக்குள் போய் ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். செம்பு காலியாக இருந்தது. பிறகு வடிவைப் பார்த்து, “முன்சீட்டுல ஏறுங்கம்மா,” என்றார்.

வடிவு கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைக்கும் வரை காத்திருக்கவில்லை. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். வடிவை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

சிற்றம்பலம் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய அதிகாரியாக இருந்தவர். மற்றவர்கள் அவர் வாசலில் வந்து நின்றுதான் அவருக்குப் பழக்கம்.

“தெரியாதவங்க வாசல்ல போய் எப்படிம்மா நிக்கிறது?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அம்மா முன்சீட்டைக் கை காட்டினார்.

“அவங்களைக் கேளுங்க. அந்த ஒரு பெட்டியோட உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னவங்க.”