ராஜாவின் இன்னொரு கண்

அந்தக் காலத்தில், கோழிகளும் மனிதர்களுக்குச் சரிசமமாக வாயாடிக்கொண்டிருந்தபோது, முசிறித் துறையில் மிளகு விற்ற கொற்றியின் வீட்டில் செவலை என்றொரு கோழி இருந்தது. எதைக் கண்டாலும் பாய்ந்து கொத்தி விழுங்கிவிடும். பார்ப்பது, யோசிப்பது எல்லாம் அதற்கு வேண்டாத வேலை.

ஒருநாள் கிரிஸ்பன் என்ற யவனக் கப்பல் தலைவன் தன் ஆட்களோடு வந்தான். ஒரு பை வெள்ளிக் காசைக் காட்டி, அந்த வருஷத்து மிளகு முழுவதையும் பேசி முடித்தான்.

"விருந்து உண்டுதானே?" என்றான்.

"இல்லாமலா? இதோ கோழி, மிளகு தூக்கலா!" கொற்றி செவலையின் காலைப் பிடித்துவிட்டாள்.

செவலை தலைகீழாகத் தொங்கியது. வாய் மட்டும் ஓயவில்லை. "சாகப்போறது நான். அந்தக் காசை நான் பார்க்க வேண்டாமா?"

"பார்த்துத் தொலை." கொற்றி கோழியைக் கீழே விட்டு, ஒரு காசைத் தரையில் போட்டாள்.

காசில் ஒரு ராஜா. தலையில் இலைக்கொத்து, நீட்டிய மூக்கு, ஒரே ஒரு கண்.

"இன்னொரு கண் எங்கே?"

"அந்தப் பக்கமா இருக்கும். ஊரே வாங்குது, உனக்கென்ன?"

"ஊரே வாங்குது சரி. யாராவது திருப்பிப் பார்த்தீங்களா?"

செவலை தலையைச் சாய்த்து, காசைக் காலால் புரட்டியது. அங்கே கண்ணைக் காணோம். இறக்கை முளைத்த ஒரு பெண் நின்றாள்.

"இவ யாரு, அலகில்லாத பறவை?" ஓங்கி ஒரு கொத்து.

அந்தப் பெண்ணின் இறக்கை வெள்ளித் தகடாகப் பெயர்ந்தது. உள்ளே செம்பு பல்லை இளித்தது.

வேறு யார் கண்டுபிடித்திருந்தாலும் கிரிஸ்பன் சண்டைக்கு நின்றிருப்பான். ஆனால் அவன் ஊரில் போருக்குக் கிளம்புவதென்றாலும், கோழி தீனி கொத்துகிறதா என்று சகுனம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். கோழி சொன்ன குறியை எந்த யவனன் மறுப்பான்?

"தலைவரே, கோழியோட வம்பு வேண்டாம். நாம கடல் தாண்டணும்" என்று அவன் ஆட்களே ஒதுங்கினார்கள்.

கிரிஸ்பன் முகம் வெளுத்து, இடுப்பிலிருந்து அசல் வெள்ளியை அவிழ்த்தான். ஒவ்வொன்றையும் செவலை இருபுறமும் பார்த்து, கொத்தி, "சரி" என்ற பிறகே கொற்றி வாங்கினாள்.

"விருந்துக்கு உட்காருங்க" என்றாள்.

"கஞ்சி போதும், அம்மா!" என்றான் கிரிஸ்பன்.

அன்று சாய்ந்த தலைதான். இன்றுவரை எந்தக் கோழியும் காலால் கிளறி, ஒரு கண்ணால் பார்த்து, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்த பிறகுதான் ஒரு மணி நெல்லைக்கூடக் கொத்துகிறது.